ஊட்டி இ-பாஸும் 1885 சட்டமும்: கேட்கிறவங்களை நாம திருப்பிக் கேட்க முடியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

2024 மே மாசத்துக்கு அப்புறம் நீங்க வெளியூர் வண்டியில ஊட்டிக்கோ குன்னூருக்கோ வந்திருந்தா, ஒரு ஃபார்ம் நிரப்பியிருப்பீங்க. இ-பாஸ். பேரு, மொபைல் நம்பர், வண்டி நம்பர், எத்தனை பேர் வர்றீங்க, என்னைக்கு வந்து என்னைக்குக் கிளம்புறீங்க, எங்க தங்குறீங்க. எல்லாம் கொடுத்தா ஒரு க்யூஆர் கோட் வரும். செக்போஸ்ட்ல காட்டிட்டு மலையேறலாம்.

சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2024 மே 7-ல இருந்து இது நடைமுறைக்கு வந்துச்சு. காரணம் நியாயமானது. இந்த மலை எத்தனை வண்டியைத் தாங்கும்னு தெரியணும்னா, முதல்ல எத்தனை வண்டி வருதுன்னு எண்ணணும். 2025 சீசனுக்கு வார நாள்ல 6,000, வார இறுதியில 8,000 வண்டின்னு உச்சவரம்பும் வச்சாங்க.

நான் இந்த மலைக்காரன். வண்டி குறையணும்ங்கிறதுல எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனா சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் எந்த ஃபார்மைப் பார்த்தாலும் நாலு கேள்வி மனசுல ஓடும். இந்த டேட்டா எதுக்கு? எத்தனை நாள் வச்சிருப்பீங்க? வேற யார் கைக்குப் போகும்? தப்பா இருந்தா யார்கிட்ட சொல்றது?

இதே நாலு கேள்வியை ஒரு சாப்பாட்டு டெலிவரி ஆப்கிட்ட கேட்டா, பதில் சொல்லவேண்டிய கட்டாயம் சட்டத்துல வந்துக்கிட்டிருக்கு. அரசாங்கத்துக்கிட்ட கேட்டா அந்தக் கட்டாயம் ரொம்ப இளகிப்போகுது. ஏன்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். நம்ம டிஜிட்டல் சட்டங்கள்ல பாதி புதுசு. மீதிப் பாதி, ஆளுறவங்க ஆளப்படுறவங்களுக்குப் பதில் சொல்லத் தேவையே இல்லாத ஒரு காலத்துல எழுதினது. பேரை மாத்தியிருக்கோம், தேதியை மாத்தியிருக்கோம். அடியில இருக்கிற அந்த ஒரு குணம் மட்டும் மாறலை. அதைப் பார்க்கறதுக்கு ஊட்டியை விட நல்ல இடம் கிடையாது.

வெயில் காலத் தலைமைச் செயலகம்

1870-ல இருந்து மெட்ராஸ் மாகாண அரசு வெயில் காலம் வந்தா ஊட்டிக்குக் குடிவந்துடும். கவர்னர் மட்டும் இல்லை. செயலாளர்கள், குமாஸ்தாக்கள், ஃபைல் கட்டுகள் எல்லாமே. வருஷத்துல பல மாசம் ஆட்சி நடந்தது இந்தக் குளிர்லதான். அப்ப மலைக்கு ரயிலும் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899-ல, ஊட்டிக்கு 1908-ல.

மாகாணமோ இன்னைக்கு ஒடிசாவுல இருக்கிற கஞ்சத்துல ஆரம்பிச்சு திருநெல்வேலி வரைக்கும், அந்தப் பக்கம் மலபார் வரைக்கும். ஏழாயிரம் அடி உயரத்துல உட்கார்ந்துக்கிட்டு இவ்வளவு பெரிய நிலத்தை ஆளணும்னா தந்தி வேணும். 1857 கிளர்ச்சியை அடக்கினதுல தந்திக்கு எவ்வளவு பெரிய பங்குன்னு ஆங்கிலேயர்களுக்கு நல்லாவே தெரியும்.

இந்தப் பின்னணியில வந்ததுதான் 1885-ஆம் வருஷ இந்தியத் தந்திச் சட்டம். அதுல 5-ஆவது பிரிவை எளிமையாச் சொன்னா இப்படி: பொது அவசரநிலை வந்தாலோ, பொதுப் பாதுகாப்பு கருதியோ, கவர்னர் ஜெனரலோ மாகாண அரசோ எந்தச் செய்தியையும் அனுப்பவிடாம தடுக்கலாம், இடையில பிடிச்சுப் படிக்கலாம், அரசுகிட்ட ஒப்படைக்கச் சொல்லலாம்.

சரி, அவசரநிலை இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்தா? அதுக்கும் சட்டத்துலயே வழி இருந்துச்சு. அரசுச் செயலாளர் ஒருத்தர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் போதும். அதுவே முடிவான ஆதாரம். ஊட்டியில உட்கார்ந்திருக்கிற ஒரு செயலாளர் 'அவசரநிலை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, சட்டத்தோட கண்ணுக்கு அது அவசரநிலைதான். அதுக்கு மேல நீதிமன்றத்துல போய் 'இல்லை'ன்னு வாதாட இடமில்லை.

சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒருத்தர்கிட்ட ரூட் ஆக்சஸ் இருக்கு. அவர் என்ன பண்ணாருன்னு பதிவாகிற லாக் கிடையாது. அதைச் சரிபார்க்க வேண்டிய ஆடிட்டரும் அவரேதான். எந்த ஆபீஸ்லயாவது இப்படி ஒரு செட்டப்பை அனுமதிப்பாங்களா? 1885-ல அனுமதிச்சாங்க. ஏன்னா அந்த சிஸ்டத்தோட யூசர்கள் ஓட்டுப் போடுற குடிமக்கள் இல்லை, பிரஜைகள்.

1885 சட்டம், 2018 மொபைல்

இது பழங்கதைன்னு நினைச்சா, தூத்துக்குடிக்கு வாங்க. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்துல போலீஸ் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தாங்க. அடுத்த நாள் தூத்துக்குடி மட்டும் இல்லாம பக்கத்துல இருக்கிற திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்கள்லயும் இன்டர்நெட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு. யார் உயிரோட இருக்கா, யார் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்னு குடும்பங்கள் தேடிக்கிட்டிருந்த நேரம் அது.

அப்ப இன்டர்நெட்டை நிறுத்தறதுக்குன்னு இருந்த விதிகள் 2017-ல வந்தவை. அந்த விதிகளுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்துச்சு? 1885 தந்திச் சட்டத்துல இருந்து. இந்தியாவுல தந்திச் சேவையே 2013 ஜூலையில நின்னுபோச்சு. தந்தி செத்து அஞ்சு வருஷம் கழிச்சு, தந்திச் சட்டம் தூத்துக்குடியில மொபைல் டேட்டாவை நிறுத்துச்சு.

நடுவுல எதுவுமே மாறலையான்னு கேட்டா, மாறிச்சு. அதையும் நேர்மையாச் சொல்லணும். 1972 திருத்தத்துல காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும்னு வந்துச்சு. அந்தப் பழைய சான்றிதழ் ஏற்பாடும் போச்சு. 1996-ல பியுசிஎல் வழக்குல உச்ச நீதிமன்றம், போன் ஒட்டுக்கேட்பு தனிமனிதரோட அந்தரங்கத்துல கை வைக்கிற வேலைன்னு சொல்லி, சில கட்டுப்பாடுகளைப் போட்டுச்சு. உள்துறைச் செயலாளர்தான் உத்தரவு போடணும், அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்கணும், காலக்கெடு இருக்கணும். 2020 ஜனவரியில அனுராதா பாசின் வழக்குல, காஷ்மீர் இன்டர்நெட் முடக்கத்தை வச்சு, கால வரம்பே இல்லாம நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிடணும்னு சொல்லுச்சு.

ஆனா அந்த மறுஆய்வுக் குழுவுல யார் இருக்காங்கன்னு பாருங்க. மத்தியில கேபினட் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்துல தலைமைச் செயலாளர் தலைமையில இதே மாதிரி ஒரு குழு. உத்தரவு போடுறது ஒரு செயலாளர், அதைச் சரிபார்க்கிறது இன்னும் மூணு செயலாளர். நீதிபதி கிடையாது. வெளி ஆள் கிடையாது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னாடி ஒரு நாளாவது தகவல் சொல்லணும்ங்கிற கட்டாயமும் கிடையாது. உங்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு விஷயத்தை எதிர்த்து எப்படி வழக்குப் போடுவீங்க?

2023 டிசம்பர்ல புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்துச்சு. 1885-ஐ ஒழிச்சுக் கட்டிட்டோம், காலனியச் சட்டம் போச்சுன்னு சொன்னாங்க. அதோட 20-ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு. 1885-ல இருந்த அதே ரெண்டு சாவி. பொது அவசரநிலைன்னா என்னன்னு புதுச் சட்டமும் வரையறுக்கலை. எங்க பாஷையில சொன்னா, ஃபங்ஷனோட பேரை மாத்தியிருக்காங்க, உள்ள இருக்கிற கோட் அப்படியே இருக்கு.

இதுல எனக்குப் பெரிய வேடிக்கையாத் தெரியறது ஒண்ணு. அந்தச் சட்டத்தை நமக்கு எழுதிக் கொடுத்த பிரிட்டன் அங்கேயே நிக்கலை. 1984-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல மலோன் வழக்குல தோத்துப்போய், அடுத்த வருஷமே ஒட்டுக்கேட்புக்குத் தனிச் சட்டம் போட்டாங்க. 2016 சட்டத்துல இன்னும் ஒரு படி ஏறினாங்க. அமைச்சர் கையெழுத்துப் போட்டா மட்டும் பத்தாது, நீதித்துறை ஆணையர் ஒருத்தரும் ஒப்புக்கணும். அங்க பூட்டுக்கு ரெண்டு சாவி, இங்க இன்னும் ஒண்ணு. அந்தச் சட்டமும் குறையில்லாதது இல்லை, விமர்சனம் நிறைய உண்டு. ஆனா அவங்க கழட்டிப்போட்ட சட்டையை நாம சலவை பண்ணிப் போட்டுக்கிட்டிருக்கோம்.

மூக்கை அளந்த மலை

இதுவரைக்கும் பார்த்தது செய்தியைத் தடுக்கிறது, ஒட்டுக்கேட்கிறது. இன்னொரு பக்கம் இருக்கு: ஆட்களைப் பதிவேட்டுல ஏத்துறது. டேட்டா பாதுகாப்புங்கிறது அடிப்படையில இதைப் பத்தினதுதான். இதுலயும் நீலகிரிக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவுலயே ரொம்ப அதிகமா அளக்கப்பட்ட மக்கள்ல தோடர்களும் இருப்பாங்க.

1873-ல மட்டும் ரெண்டு புத்தகம். ஒண்ணு, நீலகிரியோட கமிஷனரா இருந்த பிரீக்ஸ் எழுதினது. இன்னொண்ணு மார்ஷல்னு ஒரு ராணுவ அதிகாரி எழுதினது. மண்டையோட வடிவத்தை வச்சு ஒருத்தரோட குணத்தைச் சொல்லலாம்னு அப்ப ஒரு போலி அறிவியல் இருந்துச்சு. அதை வச்சுத் தோடர்களை ஆராய்ஞ்சாரு. 1890-கள்ல மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் இங்க வந்து, தலையோட அகலம், மூக்கோட நீளம் அகலம்னு கருவி வச்சு அளந்தாரு. அவருக்கு அது அரசு உத்தியோகம்.

1901-02-ல வந்தவர் ரிவர்ஸ். தர்ஸ்டனை விடக் கவனமான ஆராய்ச்சியாளர். குடும்ப வம்சாவளியை எழுதி எடுத்து, அதை வச்சு ஒரு சமூகத்தைப் புரிஞ்சுக்கிற முறையை வளர்த்தவர். அப்ப தோடர்கள் எண்ணிக்கை சுமார் 800. கிட்டத்தட்ட அந்த மொத்தச் சமூகத்தோட வம்சாவளியையும் எழுதினாரு. இதுல ஒரு சிக்கல். இறந்துபோன தன்னோட முன்னோர் பேரைத் தன் வாயால சொல்லக் கூடாதுங்கிறது தோடர்களோட வழக்கம். ரிவர்ஸ் என்ன பண்ணாரு? ஒரு குடும்பத்தோட விவரத்தை வேற குடும்பத்து ஆட்கள்கிட்ட கேட்டு வாங்கினாரு. 1906-ல புத்தகமா வந்துச்சு.

இன்னைய டேட்டா சட்ட பாஷையில யோசிங்க. ஒருத்தர் தரமாட்டேன்னு சொன்ன தகவலை மூணாவது ஆள்கிட்ட இருந்து எடுக்கறது. இன்னைக்கு உங்க நம்பரை உங்க நண்பரோட கான்டாக்ட் லிஸ்ட்ல இருந்து ஒரு ஆப் எடுத்துக்குதே, அதோட தாத்தா இது. ரிவர்ஸுக்குச் சடங்கு ரகசியங்களைச் சொன்ன சில பேருக்கு அதுக்கப்புறம் வீட்டுல கஷ்டம் வந்துச்சு, சொன்னதாலதான் வந்துச்சுன்னு பேச்சாச்சு. இதையும் அவரே எழுதி வச்சிருக்காரு. எழுதினவருக்கு அது ஒரு தகவல். சொன்னவங்களுக்கு அது வாழ்க்கை. ரெண்டு பேருக்கும் ஆபத்து சமமா இல்லாததுதான் டேட்டா பிரச்சினையோட வேர்.

விரல் ரேகையின் பயணம்

ஆராய்ச்சியாளர் அளந்தா புத்தகம் வரும். போலீஸ் அளந்தா?

கைரேகையை அடையாளமாப் பயன்படுத்துற நவீன முறை வளர்ந்தது லண்டன்ல இல்லை, வங்காளத்துல. 1858-ல வில்லியம் ஹெர்ஷெல்ங்கிற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரர்கிட்ட கையெழுத்துக்குப் பதிலா முழு உள்ளங்கை அச்சு வாங்கினாரு. 'நான் போடலை'ன்னு அவர் பின்னாடி மறுத்துடக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். ஆரம்பமே சந்தேகம். 1897-ல கல்கத்தாவுல கைரேகைப் பிரிவு வந்துச்சு. ரேகைகளை வகை பிரிச்சுத் தேடுற முறைக்கு எட்வர்ட் ஹென்றியோட பேரு. அதுக்குக் கணக்கு போட்டு உழைச்சவங்க அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்.

இந்த முறை தமிழ்நாட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு மதுரைப் பக்கம் கேட்டா இன்னைக்கும் சொல்வாங்க. குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல வட இந்தியாவுல தொடங்கி, 1911 சட்டத்தோட மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. ஒரு சாதியில பிறந்ததே குற்றம்ங்கிற மாதிரி, மொத்தச் சமூகத்தையும் பதிவு பண்ணி ரேகை எடுக்கற சட்டம். மக்கள் அதுக்கு வச்ச பேரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தாங்க. போலீஸ் சுட்டதுல பத்துக்கும் மேல செத்தாங்க. உடம்பு டேட்டாவைத் தரமாட்டேன்னு சொன்னதுக்காக உயிரைக் கொடுத்தவங்க அவங்க.

இதே ரேகை தென்னாப்பிரிக்காவுக்கும் போச்சு. 1907-ல டிரான்ஸ்வால் சட்டம், இந்தியர்கள் எல்லாரும் ரேகை வச்சுப் பதிவு பண்ணி, சான்றிதழைக் கையோட வச்சிருக்கணும்னு சொல்லுச்சு. காந்தியோட சத்தியாகிரகம் பிறந்தது இதை எதிர்த்துத்தான். கூட நின்னவங்கள்ல தமிழர்கள் ஏராளம், தம்பி நாயுடு அதுல முக்கியமானவர். 1908-ல ஒரு சமரசம் வந்தப்ப, கட்டாயம் இல்லாம விருப்பப்பட்டுன்னா பதிவு பண்ணிக்கறோம்னு காந்தி தானே போய்ப் பதிவு பண்ணாரு. அரசு வாக்கு மீறினதும், அதே வருஷம் ஆகஸ்ட் 16 ஜோகன்னஸ்பர்க்ல ரெண்டாயிரத்துக்கும் மேல சான்றிதழ்களைக் கொளுத்தினாங்க. கவனிங்க: பதிவேட்டை விடக் கட்டாயம்தான் அவங்களுக்குப் பிரச்சினையா இருந்துச்சு. இன்னைக்கு நாம 'சம்மதம்'னு சொல்றது அதைத்தான்.

1920-ல கைதிகள் அடையாளச் சட்டம்னு இன்னொண்ணு வந்துச்சு. அதை 2022-ல மாத்தினாங்க. புதுச் சட்டத்துல ரேகையோட கருவிழி ஸ்கேன், உடல் மாதிரிகள் எல்லாம் சேர்ந்துச்சு. பதிவுகளை 75 வருஷம் வச்சிருக்கலாம். காலனியச் சட்டத்தை நீக்கினோம்னு சொன்ன இடத்துல அதோட எல்லை பெருசாச்சு.

துண்டும் ரேஷன் கடையும்

நீலகிரி எஸ்டேட் லைன்கள்ல, குறிப்பா கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம், தாயகம் திரும்பியவங்க குடும்பங்கள் நிறைய. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்தவங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல டான்டீ தோட்டங்களைத் தொடங்கினாங்க.

அவங்க முன்னோர் வேலை பார்த்த இலங்கைத் தோட்டங்கள்ல துண்டுன்னு ஒரு முறை இருந்துச்சு. ஒரு தொழிலாளி தோட்டம் மாறணும்னா, அவரோட கடன் எவ்வளவுன்னு எழுதின துண்டுச் சீட்டு வேணும். அந்தக் கடனை அடைச்சாத்தான் புதுத் தோட்டத்துக்குப் போகலாம். கங்காணி எழுதினதே கணக்கு. படிக்கத் தெரியாத தொழிலாளி அதுல என்ன இருக்குன்னு பார்க்கவும் முடியாது, தப்புன்னு திருத்தவும் முடியாது. 1921-ல அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழிச்சாங்க. உங்க கிரெடிட் ஸ்கோர்ல தப்பு இருந்து, அதைத் திருத்த மாசக்கணக்கா அலைஞ்சிருந்தா, துண்டுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இப்ப ரேஷன் கடைக்கு வாங்க. தமிழ்நாட்டுல 2020-ல இருந்து விரல் ரேகை வச்சுப் பொருள் வாங்கறோம். தேயிலை பறிக்கிற விரல், கவாத்து வெட்டுற விரல், வயசான விரல் — ரேகை தேயும். எந்த ரேகை மெஷினும் 'இது அவங்கதான்'னு நூறு சதவீதம் சொல்றதில்லை. இத்தனை பொருத்தம் இருந்தா சரின்னு ஒரு கோடு போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். ஒரு கணக்குக்கு நூத்துல ஒண்ணு தப்பாகுதுன்னு வச்சுக்கோங்க. ஆயிரம் கார்டு இருக்கிற கடையில பத்துக் குடும்பம். எஞ்சினியருக்கு அது ஒரு சதவீதம். அந்த அக்காவுக்கு அது இந்த மாச அரிசி. கருவிழி மெஷின் மாதிரி மாற்று வழிகள் வந்தது நல்லதுதான். ஆனா சட்டம் கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. மெஷின் இல்லைன்னு சொன்னா, 'நான்தான்'னு நிரூபிக்கிற பாரம் யார் தலையில? ஹெர்ஷெல் காலத்துல இருந்து அது ரேகை வைக்கிறவங்க தலையிலதான் இருக்கு.

நம்ம சட்டத்துல எது புதுசு, எது பழசு

அரசியலமைப்பு பக்கம் நல்ல மாற்றம் வந்திருக்கு. 1994-ல நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் போட்ட வழக்கு. ஆட்டோ சங்கரோட சுயசரிதையை வெளியிடக் கூடாதுன்னு அதிகாரிகள் தடுக்கப் பார்த்தாங்க. உச்ச நீதிமன்றம் ரெண்டு விஷயம் சொல்லுச்சு. தனிமனித அந்தரங்கம் ஒரு உரிமை. ஆனா அதைச் சாக்கா வச்சு அதிகாரிகள் தங்களோட அலுவல் செயலை எழுதவிடாம முன்கூட்டியே தடுக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க.

அதுக்கப்புறம் வந்ததுதான் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதோட புதுப் பாதி ஐரோப்பிய பாணி. சம்மதம் கேட்கணும். எதுக்குன்னு சொல்லணும். அந்த அறிவிப்பைத் தமிழ்ல கேட்டு வாங்கலாம். என்ன டேட்டா இருக்குன்னு பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். தவறு பண்ணா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்.

பழைய பாதியையும் பார்ப்போம். 17-ஆவது பிரிவுல, இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் சொல்லி, எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்துல இருந்தே விலக்கு கொடுக்கலாம். மத்திய அரசோட ஒரு அறிவிக்கை போதும். 2018-ல நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவுல, பாதுகாப்புக்காக விலக்கு வேணும்னா அதுக்குத் தனிச் சட்டம் இருக்கணும், தேவையும் அளவும் பொருந்தணும்னு இருந்துச்சு. அந்த வார்த்தைகள் வழியில காணாமப் போச்சு. மானியம், சான்றிதழ், உரிமம் மாதிரி விஷயத்துல அரசுக்குப் பல நேரம் சம்மதமே தேவையில்லை. புகாரை விசாரிக்கிற வாரியத்தோட உறுப்பினர்களை நியமிக்கிறதும் மத்திய அரசுதான். அரசுமேல புகார்னா, அரசு நியமிச்சவங்க விசாரிப்பாங்க. மூணு செயலாளர் குழு ஞாபகம் வருதா?

அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், டேட்டா கசிஞ்ச உங்களுக்கு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல இழப்பீடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குது. ஐரோப்பாவுல இழப்பீடு தனிமனித உரிமை. இங்க அதுக்குப் பதிலா, பொய்ப் புகார் கொடுத்தா குடிமக்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனக்கு உறுத்தின விஷயம் தேதிகள். 2025 நவம்பர்ல விதிகள் வந்தப்ப, நம்ம உரிமைகள் நடைமுறைக்கு வர 18 மாசம் அவகாசம் கொடுத்தாங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துற பிரிவோ உடனே அமலாச்சு. முன்னாடி, பொது நலன் இருந்தா அதிகாரியோட தனிநபர் தகவலைக்கூடக் கேட்கலாம்னு அந்த உட்பிரிவுலயே இருந்துச்சு. இப்ப தனிநபர் தகவல்னாலே மறுக்கலாம். பொது நலனை எடைபோடுற 8(2) பிரிவு இன்னும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனா கதவு முன்ன மாதிரி அகலமா இல்லை. 1997-லயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட தமிழ்நாட்டுல இருந்து இதைப் பார்க்கறப்ப வருத்தமாத்தான் இருக்கு.

அப்ப பாதுகாப்பு வேண்டாமா?

நிறையப் பேர் கேட்பீங்க. வேணும். கடத்தல் கும்பலோட போனை ஒட்டுக்கேட்கணும், கலவரத்துல வதந்தியை நிறுத்தணும், மலைக்கு வர்ற வண்டியை எண்ணணும். அதிகாரம் இருக்கிறது தப்புன்னு நான் சொல்லலை. பழைய சட்டம்னாலே கெட்டதுன்னும் சொல்லலை. 1872 ஒப்பந்தச் சட்டம் இன்னும் நல்லாத்தான் ஓடுது. சட்டத்தோட வயசைப் பார்க்காதீங்க, அது எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு பாருங்க.

அதனால இனிமே எந்தப் புதுச் சட்டம், புது ஆப், புது ஃபார்ம் வந்தாலும் மூணு கேள்வி போதும். யார் முடிவு பண்றாங்க? அவங்களுக்கு வெளிய இருக்கிற யாராவது அதைச் சரிபார்க்கிறாங்களா? எனக்கு அது என்னைக்காவது தெரியவருமா? 1885 தந்திச் சட்டத்துக்கு இந்த மூணையும் போட்டுப் பாருங்க: அரசு, இல்லை, இல்லை. 2023 சட்டங்களுக்கும் போட்டுப் பாருங்க.

இதுக்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒட்டுக்கேட்பு உத்தரவுல நீதிபதி ஒருத்தரோட கையெழுத்து. அரசு நியமனத்துல இருந்து விலகி நிக்கிற ஒரு வாரியம். விசாரணை முடிஞ்சதும் சம்பந்தப்பட்டவருக்கு ஒரு தகவல். நாம உடனே பண்ணக்கூடியதும் ஒண்ணு இருக்கு. அரசு ஃபார்ம் எதுவா இருந்தாலும், அந்த டேட்டாவை எத்தனை நாள் வச்சிருப்பீங்கன்னு ஆர்டிஐ-ல கேளுங்க. கட்டணம் பத்து ரூபாய். கேட்கறது உங்க டேட்டாவை இல்லை, அவங்க கொள்கையை. அதனால தனிநபர் தகவல்னு மறுக்க முடியாது. பதில் வந்தா எங்களுக்கும் அனுப்புங்க, அடுத்து ஒரு எபிசோட்ல சேர்த்துப் படிப்போம்.